முதல் பௌலிங் பந்து: காசை முதலில் எங்கே போடுவது?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. அலுவலக நண்பர்களோடு வாரத்தில் ஒரு நாள் சிங்கப்பூரின் சாஃப்ரா மன்றத்தில் பௌலிங் ஆடுகிறார்; தடத்தின் கடைசியில் நிற்கும் பத்துப் 'பின்' கட்டைகளைப் பந்தை உருட்டி விழுத்தும் ஆட்டம். கூடத்தில் அடுக்கி வைத்திருக்கும் பொதுப் பந்துகளில் ஒன்றை எடுத்துத்தான் ஆட்டம். சில மாதங்களாக 120 புள்ளிக்கு மேல் ஏற முடியவில்லை. குழுவில் நன்றாக ஆடும் ஒருவர், "ரியாக்டிவ் பந்து வாங்குங்கள், அது தானாக வளையும், புள்ளியும் தானாக ஏறும்" என்று சொல்லியிருக்கிறார். பழைய பொருள்கள் விற்கும் கரோசெல் இணையச் சந்தையில் 15 பவுண்டுப் பந்து ஒன்று மலிவாகக் கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கலாமா, எடை சரியா, எந்த நிறுவனத்துப் பந்து நல்லது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் கிடப்பது வேறொன்று: புள்ளி ஏறாததற்குக் காரணம் பந்தா, நானா? அதைத்தான் அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பௌலிங் பந்துகளுக்குத் துளையிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். போட்டி ஆட்டக்காரர்களுக்குப் பந்து தேர்ந்துகொடுப்பது தனி வித்தை. அதில் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நான் அதிகம் பார்த்தவை முதல் பந்து வாங்க வருபவர்களின் கைகள். அந்தக் கைகளைப் பார்த்த அளவில் சொல்கிறேன்: காசு போக வேண்டியது முதலில் காலணிக்கு, அடுத்து கைக்கு அளந்து போடும் துளைக்கு, பிறகு எடைக்கு, பிறகு மேலுறைக்கு, அதாவது பந்தின் வெளி அடுக்குக்கு. பந்துக்குள் புதைத்திருக்கும் உட்கருவெல்லாம் அதற்கும் பிறகு. நிறுவனத்தின் பெயர் கடைசி. கடை அலமாரி இந்த வரிசையை அப்படியே தலைகீழாகக் காட்டும், ஏனென்றால் பெயரையும் உட்கருவின் படத்தையும் பெட்டியில் அச்சடிக்கலாம். உங்கள் கட்டைவிரலை அச்சடிக்க முடியாது.

காலணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வலக்கைக்காரர் கடைசி அடியில் இடது காலைச் சறுக்கி நிற்க வேண்டும். வலது கால் தரையைப் பிடித்து உந்த வேண்டும். வாடகைக் காலணியில் பெரும்பாலும் இரண்டு அடிப்பாகமும் ஒன்றுதான். ஆகவே இன்று சறுக்கியது நாளைக்குச் சறுக்காது, ஒவ்வொரு வாரமும் உடல் வேறு கணக்குப் போடும். நம் ஊரில் இன்னொரு தொல்லை, ஈரம். மழையில் நனைந்த குடையைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவார்கள், யாராவது ஐஸ் மைலோவைக் கொட்டியிருப்பார்கள், அல்லது கழிவறைத் தரை கழுவி விட்டபடி இருக்கும். அதில் ஒரு கால் பட்டுவிட்டு வந்தால் சறுக்க வேண்டிய கால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆள் முன்னால் விழுவார். சொந்தக் காலணியும் அதன்மேல் மாட்டும் உறையும் வாங்குங்கள். பந்தோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

இனி துளை. பொதுப் பந்து யாருடைய கைக்காகவும் போட்டதல்ல. எல்லாக் கட்டைவிரலும் சிக்காமல் வெளியே வர வேண்டும் என்பதற்காகத் துளையைப் பெரிதாக விட்டிருப்பார்கள். துளை பெரிதானால் பந்து நழுவும் என்று கை பயப்படுகிறது, விரல்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. இறுக்கிய பிடியில் முன்கை முறுக்கேறும், ஊசலாட வேண்டிய கை தள்ளத் தொடங்கும், விடும் நேரத்தில் கட்டைவிரல் மாட்டிக்கொண்டு பந்து சற்றுத் தாமதமாக இறங்கும். ஒரு முறை இடது பக்கம் இழுத்துப் போகும், அடுத்த முறை வலது ஓரத்தில் விழும். 120 புள்ளியில் நிற்பவர்களில் பலருக்கு நோய் இதுதான். அவர்களுக்கு வளைவு குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரே இடத்தில் இரண்டு முறை பந்தை வைக்க முடியவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை. கையிலிருந்து ஒரே மாதிரி கழலாத பந்து எவ்வளவு வளைந்தாலும் பயனில்லை. தவறு இன்னும் பெரிய கோணத்தில் தெரியும், அவ்வளவுதான்.

கடையில் உட்கார்ந்ததும் நல்ல துளையாளர் முதலில் பந்தைப் பற்றிப் பேசமாட்டார், கையை நீட்டச் சொல்வார். லிட்டில் இந்தியாவில் வளையல் கடைக்காரர் கையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து அளவு சொல்வதைப் போலத்தான் இதுவும். பல மாதம் ஆடிய கையில் எல்லாம் எழுதியிருக்கும். கட்டைவிரலின் முதுகுப் பக்கத்துக் கணுவில் தோல் சிவந்து காய்த்திருந்தால் விரலை மடக்கிக் கவ்விப் பிடிக்கிறார் என்று பொருள். துளை பெரிது, அல்லது விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் இடைப்பட்ட தூரம் குறைவு. அந்தத் தூரத்தை ஸ்பேன் என்போம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சவ்வு வலிக்கிறது, நடுவிரலின் நுனி மூட்டு அடுத்த நாள் காலையில் விறைக்கிறது என்றால் ஸ்பேன் அதிகம். கட்டைவிரலின் ஒரு பக்கத்தில் மட்டும் காய்ப்பு இருந்தால் துளையின் சாய்வு அந்த விரலுக்குப் பொருந்தவில்லை. இந்தச் சாய்வுக்குப் பிட்ச் என்று பெயர். துளை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்ந்திருந்தால் விரல் கொஞ்சம் நேரம் தங்கும்; எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் சீக்கிரம் கழன்றுவிடும். கட்டைவிரல் பின்னால் நன்றாக வளையும் கைக்கும், கம்பிபோல் நிற்கும் கைக்கும் ஒரே சாய்வு ஒத்துவராது.

கட்டைவிரல் துளையின் அளவை ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்காகக் கூட்டிக் குறைத்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். அதோடு விரல் நாள் முழுவதும் ஒரே பருமனில் இருப்பதும் இல்லை. வெளியே வெயிலில் நடந்து வந்ததும் உப்பியிருக்கும், கூடத்துக் குளிரூட்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சுருங்கும், இரண்டு ஆட்டம் முடிந்ததும் மறுபடி வீங்கும். அதனால் விரலின் பெரிய அளவுக்குத் துளையைப் போட்டு, உள்ளே ஒட்டும் நாடாக்களைக் கூட்டியோ எடுத்தோ அன்றன்றைக்குச் சரிசெய்ய வேண்டும். துளை இறுக்கமாக இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சுரண்டச் சொல்லாதீர்கள்; முதலில் நாடாவை எடுத்துப் பாருங்கள். பந்தை வாங்கும்போதே ஒரு பொட்டலம் நாடா கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. துளையின் விளிம்பும் கவனிக்க வேண்டியது. அதைச் சரியாக மழுக்காமல் கூர்மையாக விட்டிருந்தால் எவ்வளவு பொருத்தமான துளையும் தோலை அறுக்கும்.

பிடியில் இரண்டு வகை. பொதுப் பந்தில் நடு விரலும் மோதிர விரலும் இரண்டாம் கணு வரை உள்ளே போகும். ஃபிங்கர்டிப் என்ற பிடியில் முதல் கணு வரை மட்டுமே போகும். கட்டைவிரல் வெளியே வந்த பிறகும் விரல்நுனிகள் கொஞ்சம் நேரம் பந்துக்குள் இருப்பதால் சுழற்சி கொடுக்க வசதி. வாரம் ஒரு முறை ஆடுகிறவர், இன்னும் சில ஆண்டுகள் ஆடும் எண்ணம் இருந்தால், நேராக ஃபிங்கர்டிப்புக்கே போகலாம் என்பது என் கருத்து. முதல் சில வாரங்கள் பந்து விரலில் தொங்குவதுபோல் பயமாக இருக்கும், பிறகு பழகிவிடும். பழைய பயிற்சியாளர்கள் சிலர் ஓராண்டு பழைய பிடியிலேயே ஆடவிட்டுப் பிறகு மாற்றச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் மாற்றும்போது பந்தின் துளைகளை அடைத்து மறுபடி போட வேண்டியிருக்கும், இரட்டைச் செலவு. கட்டைவிரலே இல்லாமல் இரண்டு கைகளாலும் வீசுவது ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டேவுக்குப் பிறகு உலகெங்கும் பரவியிருக்கிறது. உங்களுக்கு அந்த ஆசை இருந்தால் துளையிடும் முன்பே சொல்லிவிடுங்கள். பௌலிங் விதிகளை வகுக்கும் அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதிப்படி 2020 ஆகஸ்ட் முதல், பிடிக்கப் பயன்படாத துளை பந்தில் இருக்கக் கூடாது. கட்டைவிரல் துளையைப் போட்டுவிட்டு அதில் விரல் வைக்காமல் வீசுவது போட்டிக்கு ஆகாது.

எடைக்கு வருவோம். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. 75 கிலோ எடையுள்ளவர் சுமார் 165 பவுண்டு, அப்படியானால் 16 பவுண்டுப் பந்து என்று வரும். விதிகள் அனுமதிக்கும் உச்ச எடையே 16 பவுண்டுதான். நாள் முழுக்க மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு அதை எடுத்துக்கொடுப்பது கொடுமை. உடல் எடை தோளின் வலுவையும் மணிக்கட்டின் வலுவையும் சொல்லாது. எனவே அந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களே இன்று பலர் 15 பவுண்டிலும் சிலர் 14இலும் ஆடுகிறார்கள்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பின்னின் எடை ஏறத்தாழ மூன்றரை பவுண்டு. 15 பவுண்டுப் பந்து அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். 10 பவுண்டுப் பந்து மூன்று மடங்குகூட இல்லை. இலேசான பந்து முதல் பின்னில் பட்டதும் அதிகமாக விலகும், அதனால் பின்னாலுள்ள பின்கள் நிற்கும். கனமான பந்து விலகாமல் உள்ளே ஊடுருவும். ஆனால் அந்த நன்மை வேகத்தை இழக்காதவரைதான். மூன்றாவது ஆட்டத்தில் தோள் தொங்கி வேகம் குறைந்தால் கனத்தால் கிடைத்தது போய்விடும். என் சோதனை எளியது: பந்தைக் கையில் பிடித்துக் கையை முழுதாகத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். தோள் உயராமல், முழங்கை மடங்காமல், மூச்சை அடக்காமல் ஆட்ட முடிகிற எடை உங்கள் எடை. அளந்து போட்ட துளை உள்ள பந்து இலேசாகத் தெரியும், ஆகவே பொதுப் பந்தில் 12 பவுண்டு எடுத்து ஆடுகிறவர் சொந்தப் பந்தில் 13, 14 வரை தாராளமாகப் போகலாம். ஒரு நுணுக்கம்: பல நிறுவனங்கள் 14 பவுண்டு முதல் மேலேதான் விளம்பரத்தில் காட்டும் உட்கருவை வைக்கின்றன. 13, 12 பவுண்டில் பெயரும் நிறமும் அதேதான், உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறு. அதனால் தோளைக் கெடுத்துக்கொண்டு 14க்கு ஏற வேண்டாம். ஆனால் 13 பவுண்டு வாங்கும்போது உட்கருவுக்காகக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம்.

மேலுறைதான் பந்து எப்படி ஓடும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தடத்தைத் தெரிய வேண்டும். வீசுகிறவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. குறுக்கே 39 பலகைகள், அகலம் ஏறத்தாழ 41.5 அங்குலம். இந்த 60 அடியில் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள், மீதி வெறும் தரை. பொதுமக்கள் ஆடும் கூடங்களில் வழக்கமான பூச்சு நடுவில் தடிப்பாகவும் இரு ஓரங்களில் மெலிதாகவும் இருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் முடிந்த இடத்தில் தரையைப் பிடிக்கும். பக்கச் சுழற்சி இருந்தால் அங்கே திரும்பும். பிறகு உருண்டு பின்களை அடையும். எந்த மேலுறை எங்கே எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் வித்தியாசம்.

பந்துகள் ஒரு காலத்தில் லிக்னம் விட்டே என்ற கடினமான மரத்தில் செய்யப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது, 1960 வாக்கில் பாலியெஸ்டர் எனும் பிளாஸ்டிக், 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன், 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். பிளாஸ்டிக் எண்ணெயிலும் தரையிலும் அதிகம் பிடிக்காது, அநேகமாக நேரே போகும். யூரித்தேன் சீக்கிரமே பிடிக்கத் தொடங்கி மெதுவாக, சீராக வளையும். ரியாக்டிவ் ரெசினின் மேற்பரப்பில் நுண்ணிய துவாரங்கள் இருக்கும், அவை எண்ணெயை உறிஞ்சும். அதனால் எண்ணெயில் வழுக்கி வந்து வெறும் தரையைத் தொட்டதும் கூர்மையாகத் திரும்பும். உங்கள் நண்பர் சொன்ன 'தானாக வளைவது' இந்தத் திருப்பம். தானாக என்பதுதான் பொய். கை பக்கச் சுழற்சி கொடுக்காவிட்டால் எந்த ரெசினும் வளையாது. நேரே உருண்டு போகும், பிளாஸ்டிக்கைவிட விலை அதிகமான நேர்ப்பந்து.

வளைவு எதற்காக என்ற கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. வலக்கைக்காரர் அடிக்க வேண்டிய இடம் முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவிலுள்ள இடுக்கு, வலது ஓரத்திலிருந்து எண்ணினால் பதினேழரையாவது பலகை. அந்த இடுக்கில் பந்து ஆறு டிகிரி அளவு கோணத்தில் நுழைந்தால் ஸ்ட்ரைக், அதாவது ஒரே வீச்சில் பத்துப் பின்னும் விழும் வாய்ப்பு, உச்சத்தில் இருக்கிறது என்று அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் சோதனைகள் காட்டின. நேர்ப்பந்தை வலது மூலையிலிருந்தே எறிந்தாலும் 60 அடி நீளத்துக்கு ஒன்றரை டிகிரிக்கு மேல் வராது. பள்ளிக்கூட வடிவியலே போதும், போட்டுப் பார்க்கலாம். ஆகவே வளைவு வேண்டும் என்று உங்கள் நண்பர் சொன்னது சரி. எந்த அளவு வேண்டும், எப்போது வேண்டும் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு.

மிகவும் வலுவான, சொரசொரப்பான ரெசின் பந்து கனமான எண்ணெய்ப் பூச்சுக்காகச் செய்யப்படுவது. அதைப் பொதுக்கூடத்தின் வழக்கமான பூச்சில், அதுவும் நாள் முழுக்க ஆடி எண்ணெய் குலைந்துபோன மாலை நேரத்தில் வீசினால், பாதி வழியிலேயே தரையைப் பிடித்து, இடப்பக்கம் சீறித் திரும்பி, முதல் பின்னைத் தாண்டிப் போய்விடும். அல்லது சுழற்சியை எல்லாம் முன்பே செலவழித்துவிட்டுப் பின்களை அடையும்போது சோர்ந்திருக்கும். மெதுவாக வீசுகிறவருக்கு இது இன்னும் மோசம். விளைவைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: பந்து அதிகம் திரும்புகிறது என்று மணிக்கட்டை மாற்றுவார், கையைக் கட்டுவார், ஊசலைக் கெடுப்பார். பந்துக்காக ஆட்டத்தை வளைக்கத் தொடங்கிவிடுவார். 2002 பூசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற ரெமி ஓங், 2012 உலகக் கோப்பையை வென்ற ஷேனா இங் போன்ற நம்மவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அந்த நிலையில் ஆடுகிறவர்கள் பல பந்துகளைக் கொண்டுவந்து மாற்றி மாற்றி எடுப்பார்கள். போட்டியின் எண்ணெய்ப் பூச்சும் வேறு, ஆட்டம் போகப்போக அது மாறுவதும் வேறு. அதைப் பார்த்துவிட்டு ரகசியம் பந்தில்தான் என்று நினைப்பது இயல்பு. ஒரே கையசைவை நூறு முறை அப்படியே செய்ய முடிகிறவருக்குத்தான் பந்து மாற்றுவது பலன் தரும்.

இங்கே உறுதியில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'மேலுறை எழுபது சதவீதம், உட்கரு முப்பது சதவீதம்' என்பதுபோல் எண்கள் சொல்லப்படும். அவற்றை நான் திருப்பிச் சொல்லமாட்டேன். ஒருவர் கையின் வேகமும் சுழற்சியும் மாறினால் அந்தப் பங்கும் மாறும். மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பு மிக முக்கியமான காரணிகளில் ஒன்று என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அதே பந்தை 500 எண் தேய்ப்புத் தாளில் தேய்த்தால் சீக்கிரம் பிடிக்கும், 4000 எண்ணில் தேய்த்தோ மெருகிட்டோ வைத்தால் நெடுந்தூரம் வழுக்கும். புதுப் பந்து வாங்குவதற்கு முன் இருக்கிற பந்தைத் தேய்த்துப் பார்ப்பது மலிவான வழி. யூரித்தேனை முதல் பந்தாகப் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. சீராக வளைவதால் கற்க நல்லது என்பார்கள். நான் அதிக வலுவில்லாத ரியாக்டிவ் பந்தைச் சொல்வேன், ஏனென்றால் இன்றைய யூரித்தேன் பந்துகள் பல வேகமான, சுழற்சி மிகுந்த கைகளுக்காக வருகின்றன, விலையும் குறைவில்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

உட்கருவைப் பற்றி உங்களுக்கு இப்போது தேவையானது கொஞ்சம்தான். பெட்டியில் ஆர்ஜி என்று ஓர் எண் இருக்கும், 2.46 முதல் 2.80 வரை அனுமதி. எண் குறைந்தால் சீக்கிரம் உருளத் தொடங்கும், கூடினால் தாமதமாகும். டிஃபரென்ஷியல் என்று இன்னொன்று, உச்சம் 0.060. அது கூடினால் உருளும்போது பந்தின் அச்சு அதிகம் நகரும், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புது இடம் தரையைத் தொடும். ஆடி முடித்த பந்தில் எண்ணெய் வளையங்கள் விசிறிபோல் விரிந்திருப்பதைப் பார்த்தால் புரியும். சமச்சீர் உட்கரு, சமச்சீரற்ற உட்கரு என்ற பிரிவில் முதல் பந்துக்குச் சமச்சீரே போதும். துளையை எங்கே வைத்தாலும் பெரிய விபரீதம் வராது.

பந்து வாங்கக் காசு இருந்தால் இரண்டாவது பந்தைப் பற்றியும் யோசியுங்கள். ஒரு முறைகூட ஸ்ட்ரைக் அடிக்காமல், பத்துக் கட்டத்திலும் முதல் வீச்சில் ஒன்பது பின், இரண்டாம் வீச்சில் மிச்சமிருக்கும் ஒன்று என்று ஆடி, கடைசிக் கூடுதல் வீச்சிலும் ஒன்பது விழுத்தினால் மொத்தம் 190. இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை, தாளில் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. 120 புள்ளிக்காரருக்கு, இப்படி மிச்சத்தை இரண்டாம் வீச்சில் விழுத்தும் ஸ்பேர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புள்ளி. வலது மூலையில் தனியே நிற்கும் பத்தாம் பின்னை வளையும் பந்தால் அடிப்பது கடினம். பிளாஸ்டிக் பந்தைக் குறுக்கே நேராக விட்டால் எண்ணெயும் தரையும் எப்படியிருந்தாலும் கவலையில்லை. உங்கள் கைக்கு அளந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் பந்தை மட்டும் வாங்கி ஆறு மாதம் ஆடினாலும் புள்ளி ஏறும் என்றுதான் சொல்வேன். பிறகு ரியாக்டிவ் வாங்கும்போது இந்தப் பந்து ஸ்பேருக்கு அப்படியே நிற்கும், காசு வீணாகாது.

நிறுவனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டார்ம், ரோட்டோ கிரிப், 900 குளோபல் ஒரே குடும்பம். பிரன்ஸ்விக் 2019இல் எபோனைட்டை வாங்கியபோது ஹாமர், கொலம்பியா 300, டிராக் எல்லாம் அதோடு வந்துவிட்டன. மோட்டிவ் தனி. பெயர்கள் ஒரு டஜன், முதலாளிகள் சிலர். எல்லா நிறுவனமும் தொடக்கநிலைக்கு நல்ல பந்து வைத்திருக்கிறது. நல்ல துளையாளரிடம் என்ன இருக்கிறதோ அதில் தேர்ந்தெடுங்கள்.

இனி அந்தக் கரோசெல் பந்து. அது வேறொருவர் கைக்குப் போட்டது. துளைகளை அடைத்து மறுபடி போட்டால்தான் உங்களுக்கு ஆகும். அந்தக் கூலியையும் விரல் துளைக்குள் பொருத்தும் செருகிகளின் விலையையும் கூட்டிப் பார்த்தால் புதிய தொடக்கநிலைப் பந்தின் விலையை நெருங்கிவிடலாம். பணம் கொடுக்கும் முன் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு விரல் துளைகளுக்கு நடுவிலுள்ள குறுகிய பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், வெடிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். நான்காவதாக ஒரு துளை இருந்தால் அது பழைய சமநிலைத் துளை. 2020இலிருந்து போட்டிகளில் செல்லாது. மேற்பரப்பு எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்து ஓரளவு மீட்கலாம், முழுதாக மீளும் என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் நம்ப வேண்டாம். இதேபோல் வேறொரு பழைய பந்து கிடைத்து, விலை மிகமிகக் குறைவு, வெடிப்பில்லை, எடை 14 என்றால் யோசிக்கலாம். இப்போது பொதுப் பந்தில் எத்தனை பவுண்டு எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; 12க்குக் கீழே என்றால் இந்த 15 உங்களுக்கு வேண்டாம்.

எந்தப் பந்தானாலும் பராமரிப்பில் நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. வெளி வாகன நிறுத்துமிடத்தில் வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ரெசின் பந்தை விட்டுவைக்காதீர்கள். சூட்டில் விரிந்து, குளிரூட்டிய கூடத்துக்குள் போனதும் சுருங்கி, இப்படிப் பல முறை ஆனால் வெடிக்கும். வீட்டில் வெயில் படாத அலமாரி போதும். ஒவ்வொரு வீச்சுக்கும் பிறகு எண்ணெயைத் துணியால் துடைப்பதும், ஆட்டம் முடிந்ததும் பந்து சூடாறுமுன் துப்புரவுத் திரவம் போடுவதும் பழக்கமானால் பந்து நெடுநாள் உழைக்கும். பெருவிரைவு ரயிலில் போகிறவர் என்றால் ஒற்றைப் பந்துக்கான தோள்பை வாங்குங்கள், சக்கரப் பை படிக்கட்டில் சுமைதான்.

ஆகவே நீங்கள் கேட்ட மூன்றுக்கும்: கரோசெல் பந்து இப்போது வேண்டாம், எடை 13 அல்லது 14 பவுண்டில் ஊசல் சோதனைக்குப் பிறகு முடிவுசெய்யுங்கள், நிறுவனம் எதுவானாலும் சரி. காலணியும் கைக்கு அளந்த பிளாஸ்டிக் பந்தும் முதல் செலவு. கையில் தாராளம் இருந்தால் கூடவே நடுத்தரமான, சமச்சீர் உட்கருவுள்ள ரியாக்டிவ் ஒன்று. பந்து கிடைத்ததும் முதல் சில வாரம் ஆடிவிட்டு அதே துளையாளரிடம் திரும்பப் போய்க் கையைக் காட்டுங்கள். முதல் அளவில் எல்லாம் சரியாக வந்துவிடும் என்று எந்தத் துளையாளரும் எதிர்பார்ப்பதில்லை. சிவந்திருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினால் விளிம்பை மழுக்குவதா, நாடாவைக் கூட்டுவதா, சாய்வை மாற்றுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார். இந்தத் திருத்தத்துக்குத் தனிக் கூலி உண்டா என்பதைப் பந்து வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.